எல்லை தாண்டும் ஆற்றுக்குக் கூட்டு ஏற்பாடு: எதில் தொடங்குவது, எதை எழுதிவைப்பது

இரண்டு நாடுகளுக்குப் பொதுவான ஓர் ஆற்றைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், முதல் நாளே வந்து நிற்கும் கேள்வி "யாருக்கு எவ்வளவு?" என்பதுதான். அதை முதலில் எடுத்தால் பேச்சு அங்கேயே முடங்கிவிடும். இரு தரப்பும் நம்பும் நீர்க்கணக்கு கையில் இல்லாதபோது, பங்கு கேட்பதும் மறுப்பதும் குரல் பலத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் அளவீடு, அடுத்து தகவல் பரிமாற்றம், பிறகு புதிய திட்டங்களை முன்கூட்டிச் சொல்லும் முறை, அதன்பின் பங்கீடு.

வெள்ள எச்சரிக்கை மட்டும் இந்த வரிசைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அதைக் கொடுப்பதால் மேல்மடை நாட்டுக்கு ஒரு சொட்டு நீரும் குறையாது. ஆகவே முதல் மழைக்காலத்திலேயே தொடங்கிவிடலாம். மேகாங் ஆற்றில் சீனா மழைக்கால நீர்மட்டத் தகவலை 2002-இல் ஒத்துக்கொண்டது. ஆண்டு முழுவதற்குமான தகவலுக்கு 2020 வரை ஆயிற்று. இந்த வேலையில் காலம் இப்படித்தான் நகரும்.

எந்த அளவுக்குச் செய்தால் ஒத்துழைப்பு நடக்கிறது எனலாம்? ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 6.5.2 என்ற குறியீடு நான்கு நிபந்தனைகளை வைக்கிறது. கூட்டு அமைப்பு ஒன்று இருக்க வேண்டும்; ஆண்டுக்கு ஒருமுறையாவது முறையான சந்திப்போ கலந்துரையாடலோ நடக்க வேண்டும்; பொதுவான மேலாண்மைத் திட்டமோ குறிக்கோள்களோ இருக்க வேண்டும்; ஆண்டுக்கு ஒருமுறையாவது தரவு கைமாற வேண்டும். நான்கும் இருந்தால்தான் அந்தப் படுகை கணக்கில் சேரும். இது ஆகக் குறைந்த அளவு. ஆண்டுக்கு ஒருமுறை வரும் தரவை வைத்து எந்த மதகையும் ஏற்றி இறக்க முடியாது.

அளவீடு: இரு தரப்பும் ஒரே இடத்தில்

எல்லையை ஒட்டி, ஆறு நேராக ஓடும் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். நீளம் ஆற்றின் அகலத்தைப்போலச் சில மடங்காவது இருக்க வேண்டும். அந்த இடத்துக்கும் எல்லைக்கும் நடுவே கிளையாறு சேரக் கூடாது, கால்வாய் பிரியக் கூடாது. கீழே உள்ள அணையின் பின்தேக்கம் அங்கு எட்டக் கூடாது. எட்டினால் மட்டம் உயர்ந்து காட்டும், ஓட்டமோ அதே அளவில் இருக்கும்.

இரண்டு நாட்டுக் குழுக்களும் ஒரே நாளில், ஒரே குறுக்குவெட்டில், தத்தம் கருவியால் அளக்க வேண்டும். ஆற்றின் குறுக்கே 20 முதல் 25 செங்குத்துக் கோடுகள் எடுங்கள். எந்த ஒரு துண்டிலும் மொத்த ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, 5-க்குள் இருந்தால் நல்லது. ஆழம் குறைந்த கோட்டில் நீர்ப்பரப்பிலிருந்து ஆழத்தின் 0.6 பங்கில் ஒரே ஒரு வேக அளவு போதும். ஆழமான கோட்டில் 0.2, 0.8 பங்குகளில் எடுத்துச் சராசரி காணுங்கள். ஒலியலையால் வேகம் அளக்கும் ஏடிசிபி கருவி இருந்தால் படகில் போய்வந்து குறைந்தது நான்கு கடப்புகள் எடுங்கள். ஆற்றடி மணல் நகரும்போது அந்தக் கருவி ஓட்டத்தைக் குறைத்துக் காட்டும் என்பதால், கடப்புக்கு முன் ஒரே இடத்தில் நிறுத்தி அடிமணல் சோதனை செய்யாமல் விடாதீர்கள்.

இரு குழுக்களின் விடைகளும் 5 சதவீதத்துக்குள் வந்தால் சராசரியை எடுத்துக் கையெழுத்திடலாம். அதைவிட விலகினால் அன்றே, அங்கேயே மறுபடி அளக்க வேண்டும். ஊருக்குத் திரும்பியபின் கடிதத்தில் தீர்த்துக்கொள்வோம் என்று கிளம்பினால் அந்த விலகல் பல ஆண்டு வழக்காகிவிடும். 1996-இன் கங்கை நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தத்தில் இந்தியாவும் வங்கதேசமும் இந்தியாவின் ஃபரக்கா தடுப்பணைக்குக் கீழும், அங்கிருந்து பிரியும் கால்வாயிலும், வங்கதேசத்தின் ஹார்டிஞ்ச் பாலத்திலும் கூட்டுக் குழுக்களை வைத்தது இதற்காகத்தான்: மேலே அளந்ததும் கீழே வந்து சேர்ந்ததும் இரு தரப்பின் கண் முன்னே பதிவாகும்.

நாள்தோறும் ஓட்டத்தை அளக்க முடியாது. மட்டத்தைத்தான் பார்க்க முடியும். மட்டத்தை ஓட்டமாக மாற்றும் வளைகோடு ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பின்னும் நகர்ந்துவிடும், ஏனென்றால் அடி அரிக்கும், வண்டல் படியும். எனவே வெள்ளம் வடிந்த சில வாரங்களுக்குள் புதிய கூட்டு அளவீடு கட்டாயம் என்று எழுதிவையுங்கள். "தேவைப்படும்போது" என்று எழுதினால், தேவையா இல்லையா என்பதே அடுத்த சண்டையாக வரும்.

அடுத்தது மட்டக்குறி. ஒவ்வொரு நாடும் உயரத்தை வெவ்வேறு கடல்மட்டத்திலிருந்து கணக்கிடுகிறது. பெல்ஜியத்தின் குறிக்கும் நெதர்லாந்தின் குறிக்கும் சுமார் 2.3 மீட்டர் வித்தியாசம். ரைன் ஆற்றின்மேல் லவுஃபன்பர்க்கில் ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் பாலம் கட்டியபோது 27 சென்டிமீட்டர் வித்தியாசம் இருப்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. ஆனால் திருத்தத்தைத் தலைகீழாகப் போட்டதில் 2003-இல் இரு கரைகளின் பாலமுனைகளும் உயரத்தில் 54 சென்டிமீட்டர் விலகி நின்றன. பாலமாவது கண்ணுக்குத் தெரிந்தது. அணை நீர்மட்டத்தில் இப்படி நடந்தால் வெள்ளம் வரும்வரை யாருக்கும் தெரியாது. ஒப்பந்தத்தில் எந்த உயரத்தை எழுதினாலும் எந்த மட்டக்குறி என்பதையும், மற்றதோடு கூட்ட வேண்டுமா கழிக்க வேண்டுமா என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.

தரவு: வடிவமும் நேரமும்

பரிமாறும் அட்டவணையில் ஆறு நிரல்கள் போதும்: நிலையத்தின் எண், தேதி-நேரம், மட்டம், ஓட்டம், தரக்குறி, அளவீட்டு முறை. அணை இருந்தால் இருப்பு, திறப்பு இரண்டும் சேரும். அலகு ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்; வினாடிக்குக் கனமீட்டர்தான் எங்கும் செல்லும். பழைய ஆவணங்களைச் சேர்க்கும்போது மாற்று எண்கள் தேவைப்படும். ஒரு கனஅடி 0.0283 கனமீட்டர். ஒரு ஏக்கர்-அடி 1,233.5 கனமீட்டர். ஒரு டிஎம்சி 2.83 கோடி கனமீட்டர். வினாடிக்கு ஒரு கனமீட்டர் ஒரு நாள் முழுவதும் ஓடினால் 86,400 கனமீட்டர்.

வழக்கமாகக் கெடும் இடங்கள் சில உண்டு. ஒரு நாடு காலை 6 மணி முதல் மறுநாள் 6 மணிவரை ஒரு நாள் என்று கணக்கிடும், மற்றது 8 மணி முதல் என்னும், சராசரி ஒத்துவராது. அளவு கிடைக்காத நாளில் ஒரு தரப்பு வெற்றிடம் விடும், மறுதரப்பு பூஜ்யம் போடும். அந்தப் பூஜ்யம் மாதச் சராசரியைக் கவிழ்த்துவிடும். உள்ளூர் நேரமா, உலகப் பொது நேரமா என்று எழுதாத வெள்ளத் தகவல் சில மணி நேரம் பிந்தியதாகவோ முந்தியதாகவோ படிக்கப்படும். திருத்திய தரவைப் பழையதன் மேலேயே எழுதினால் எது எப்போது மாறியது என்று தெரியாமல் போகும். பதிப்பு எண் கொடுங்கள்.

கெடு வையுங்கள். இந்தியாவும் பாகிஸ்தானும் செய்த 1960-இன் சிந்து நதி நீர் ஒப்பந்தம் நாள்வாரி ஓட்டத் தரவை மாதாமாதம், மாதம் முடிந்து மூன்று மாதத்துக்குள் தர வேண்டும் என்றது. கடிதப் போக்குவரத்துக் காலத்துக்கு அது சரி. இன்று சாதாரண நாட்களில் நாள்தோறும், வெள்ள நாட்களில் மணிக்கொருமுறை என்று வைக்கலாம். தானியங்கி நிலையமே அனுப்பிவிடும். அணைத் திறப்புக்கு முன்னறிவிப்பு எத்தனை மணி நேரம் என்பதை, நீர் எல்லையிலிருந்து முதல் ஊரை அடைய ஆகும் நேரத்தை வைத்துக் கணக்கிடுங்கள். அந்த நேரத்தைவிடக் குறைவான முன்னறிவிப்பால் எவரையும் கரையேற்ற முடியாது.

மறுதரப்பு தரவே தராதபோது செயற்கைக்கோளை நாடலாம். சென்டினல்-1 ரேடார் படம் மேகத்தைத் தாண்டி அணையின் நீர்ப்பரப்பைக் காட்டும். 2022 டிசம்பரில் ஏவிய ஸ்வாட் செயற்கைக்கோள் நீர்மட்டத்தையே அளக்கிறது. பரப்பையும் மட்டத்தையும் சேர்த்தால் இருப்பில் ஏற்படும் மாற்றம் கிடைக்கும். வானிலிருந்து பார்ப்பவர்களிடம் எதையும் ஒளிக்க முடியாது என்று தெரிந்தபின் கையிலிருக்கும் தரவைத் தருவது எளிதாகிவிடுவதும் உண்டு.

மாசு விபத்துக்குத் தனி வழி வேண்டும். 1986 நவம்பர் 1 அன்று பாசல் அருகே சாண்டோஸ் கிடங்கு எரிந்தபோது தீயணைத்த நீரோடு பூச்சிக்கொல்லிகள் ரைனில் கலந்து கீழ்நோக்கி மீன்களைக் கொன்றன. மறு ஆண்டே ரைன் செயல்திட்டம் பிறந்தது. 2000 ஜனவரி 30 அன்று ருமேனியாவின் பாயா மாரேயில் கரை உடைந்து சயனைடு கலந்த நீர் டிஸா ஆற்றுக்குப் போனபோது டான்யூப் நாடுகளின் விபத்து எச்சரிக்கை அமைப்பு 1997 முதலே இயங்கிவந்தது. குடிநீர் எடுக்கும் இடங்களை அடைக்க நேரம் கிடைத்தது. ஒவ்வொரு நாட்டிலும் 24 மணி நேரமும் ஆள் இருக்கும் ஒரே ஓர் எண், முன்பே அச்சடித்த படிவம் (எந்தப் பொருள், எவ்வளவு, எங்கே, எப்போது), ஆண்டுக்கு இருமுறை சொல்லாமல் நடத்தும் ஒத்திகை: இவ்வளவுதான் தேவை.

புதிய திட்டம் வரும்போது

அணை, கால்வாய், நீரேற்றம் எதுவானாலும் கட்டுமுன் சொல்ல வேண்டும் என்பதே 1997-இன் ஐ.நா. நீர்வழிகள் உடன்படிக்கையின் மையப் பகுதி. அது 2014 ஆகஸ்ட் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. அறிவிப்பு கிடைத்தவர் பதில் சொல்ல ஆறு மாதம். சிக்கலான திட்டமானால் இன்னும் ஆறு மாதம் கேட்கலாம். அதுவரை சம்மதமின்றிக் கட்டத் தொடங்கக் கூடாது. பதிலே வராவிட்டால், நியாயமான பங்கு, கணிசமான தீங்கு செய்யாமை என்ற கடமைகளுக்கு உட்பட்டுக் கட்டலாம். உங்கள் நாடு அதில் சேராவிட்டாலும் இந்தக் கால அளவுகளை அப்படியே எடுத்தாளலாம்.

மேகாங் ஆணையத்தின் 1995 ஒப்பந்தம் நுணுக்கமாகப் பிரிக்கிறது. கிளையாற்றில் திட்டம் என்றால் வெறும் அறிவிப்பு. முதன்மை ஆற்றில், மழைக்காலத்தில், படுகைக்குள்ளேயே பயன்படுத்தினால் அப்போதும் அறிவிப்பு. அதே பயன்பாடு வறள்காலத்தில் என்றால் முன்கலந்தாய்வு. மழைக்காலத்தில் வேறு படுகைக்குத் திருப்பினாலும் முன்கலந்தாய்வு. வறள்காலத்தில் வேறு படுகைக்குத் திருப்ப வேண்டுமானால் தனி உடன்பாடே தேவை. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்காமல் பருவத்தையும் இடத்தையும் பார்த்துப் பிரித்தது இதன் பலம்.

பலவீனம் லாவோஸின் ஸயபுரி அணையில் வெளிப்பட்டது. 2010-இல் தொடங்கிய ஆறு மாதக் கலந்தாய்வு முடிந்தபோது நாடுகளுக்குள் ஒத்த முடிவு இல்லை. கலந்தாய்வு தடுப்புரிமை ஆகாது, மற்றவர் உரிமையைப் பாராமல் தன்னிச்சையாகக் கட்டும் உரிமையும் ஆகாது என்று ஒப்பந்தம் சொல்கிறது. இரண்டும் இல்லாதபோது அடுத்து என்ன என்று சொல்லவில்லை. கட்டுமானம் 2012-இல் முறைப்படி தொடங்கிற்று. ஆகவே நீங்கள் எழுதும்போது கெடு முடிந்தும் முடிவில்லை என்றால் விஷயம் யாரிடம், எத்தனை நாளில் போகும், அதுவரை எந்தக் கட்டுமானப் பணிகள் நிற்கும் என்பதைச் சேர்த்துவிடுங்கள். அணுகு சாலை போடலாமா, ஆற்றைத் திருப்பலாமா என்ற அளவுக்கு. "ஆயத்தப் பணி" என்ற பெயரில் பாதி அணை எழும்பிவிடும்.

பங்கீடும் வறண்ட ஆண்டும்

ஒப்பந்தங்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். காரணம் ஒன்று: நல்ல மழை ஆண்டுகளின் சராசரியை வைத்து நிலையான அளவுகளை எழுதிவிடுவது. கொலராடோ ஆற்றில் 1922-இல் அமெரிக்காவுக்குள் மேல், கீழ் என்ற இரு படுகைகளுக்கும் தலா 75 லட்சம் ஏக்கர்-அடி எழுதினார்கள், 1944-இல் மெக்சிகோவுக்கு 15 லட்சம். மொத்தம் 1 கோடியே 65 லட்சம். பதிவில் இருந்தவையோ ஈரமான ஆண்டுகள். ஆறு நீண்டகாலச் சராசரியில் அவ்வளவு தந்ததில்லை. குறைந்தது 30 ஆண்டுத் தரவு, அதில் கடும் வறட்சி ஒன்றாவது, மேலே உள்ள அணை இருப்பு, கால்வாய் எடுப்பு, ஆவியாதல் எல்லாவற்றையும் திரும்பக் கூட்டிய இயற்கை ஓட்டம்: இவை இல்லாமல் பங்கு எழுதாதீர்கள்.

பங்கை எழுத மூன்று வழிகள் உண்டு. நிலையான அளவு கீழ்மடைக்கு உறுதி தரும், வறட்சியின் சுமை முழுவதையும் மேல்மடைமேல் ஏற்றும். சதவீதம் சுமையைப் பகிரும், ஆனால் நாள்தோறும் நம்பத்தக்க அளவீடு கேட்கும். மூன்றாவது, இரண்டையும் படிப்படியாகக் கலப்பது. கங்கை ஒப்பந்தம் அப்படிப்பட்டது. ஜனவரி 1 முதல் மே 31 வரை பத்துப் பத்து நாளாகக் கணக்கு. ஃபரக்காவில் வினாடிக்கு 70,000 கனஅடியோ அதற்குக் கீழோ வந்தால் சரிபாதி. 70,000 முதல் 75,000 வரை வங்கதேசத்துக்கு 35,000, மிச்சம் இந்தியாவுக்கு. அதற்கு மேல் இந்தியாவுக்கு 40,000, மிச்சம் வங்கதேசத்துக்கு. ஏதாவது பத்து நாளில் 50,000-க்குக் கீழே இறங்கினால் உடனே கலந்து பேச வேண்டும். அடுத்து ஒரு படி எழுதியிருக்கலாம்: பேசி முடியும்வரை எந்த விகிதம்? அந்த வரி இல்லாமல் உங்கள் ஒப்பந்தத்தை மூடாதீர்கள்.

"வறட்சி" என்ற சொல்லை எண்ணாக எழுதுங்கள். ரியோ கிராண்டே ஆற்றில் மெக்சிகோ அமெரிக்காவுக்கு ஐந்தாண்டுச் சுற்றில் மொத்தம் 17 லட்சத்து 50 ஆயிரம் ஏக்கர்-அடி விட வேண்டும். அசாதாரண வறட்சியில் பாக்கியை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகலாம். அசாதாரணம் என்றால் எவ்வளவு என்று 1944 ஒப்பந்தம் வரையறுக்கவில்லை, சுற்று முடியும்போதெல்லாம் தகராறு. அதே இரு நாடுகள் கொலராடோவில் பாடம் கற்றன. 2017-இன் 323-ஆம் குறிப்பாணை, அந்த ஆற்றின் அணைத் தேக்கமான மீட் ஏரியின் மட்டத்தையே விசையாக்கியது: 1,075 அடிக்குக் கீழே இறங்கும் என முன்கணிப்பு வந்தால் மெக்சிகோவுக்கு 50,000 ஏக்கர்-அடி குறையும், 1,050-க்குக் கீழே 70,000, 1,025-க்குக் கீழே 1,25,000. யாரும் யாரையும் கெஞ்ச வேண்டாம், ஏரியைப் பார்த்தால் போதும். ஒப்பந்தத்தைத் திருத்தாமல் குறிப்பாணைகளாகச் சேர்த்துக்கொண்டே போகும் அந்த முறையையும் கவனியுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரு நாடாளுமன்றங்களைக் கூட்டுவது எளிதல்ல.

அளவோடு தரமும் எழுத வேண்டும். கொலராடோவில் மெக்சிகோவுக்கு 1960-களில் அளவு குறையவில்லை, வந்த நீரில் உப்பு ஏறிப் பயிர் கருகியது. 1973-இன் 242-ஆம் குறிப்பாணை, அமெரிக்காவின் இம்பீரியல் அணையில் உள்ள உப்பைவிட ஆண்டுச் சராசரியில் 115 பிபிஎம் (பத்து லட்சத்தில் 115 பங்கு), முப்பது கூடக்குறைய, மட்டுமே அதிகம் இருக்கலாம் என்று எல்லை கட்டியது. ஆற்றுக்கென விட வேண்டிய குறைந்தபட்ச ஓட்டத்தையும் பங்குகளுக்கு முன்பே கழித்துவிடுங்கள். பிறகு கேட்டால் எவரும் தம் பங்கிலிருந்து தரமாட்டார்கள்.

நீரைப் பிரிக்க முடியாமல் போனால் பலனைப் பிரிக்கலாம். செனெகல் ஆற்றில் மனந்தாலி அணை கூட்டுச் சொத்து. மின்சாரம் மாலிக்கு 52, செனெகலுக்கு 33, மவுரித்தேனியாவுக்கு 15 சதவீதம்.

நிலத்தடி நீர்

இதில் ஓட்டம் கண்ணுக்குத் தெரியாது, எடுப்பை மட்டுமே கட்டுப்படுத்த முடியும். ஆகவே வரிசை மாறும்: முதலில் கிணறுகளின் பட்டியல், ஒவ்வொன்றிலும் மீட்டர், பிறகு கண்காணிப்புக் கிணறுகள். ஜெனீவா மாநிலமும் பிரான்சின் ஓத்-சவ்வா மாவட்டமும் 1978-இல் செய்த ஏற்பாடு நல்ல வார்ப்பு. ஆர்வ் ஆற்று நீரைச் செயற்கையாக நிலத்தில் இறக்குகிறார்கள். பிரெஞ்சுத் தரப்பு ஆண்டுக்கு 50 லட்சம் கனமீட்டர் வரை எடுக்கலாம், அதில் முதல் 20 லட்சம் இலவசம், அதற்குமேல் நீரை நிலத்தில் இறக்கும் செலவில் பங்கு. கையெழுத்திட்டவை தலைநகரங்கள் அல்ல, உள்ளூர் நிர்வாகங்களே என்பது அது நிலைத்ததற்கு ஒரு காரணம்.

ஆணையமும் பணமும்

இரு தரப்பிலும் சம எண்ணிக்கை, ஒரு நிலையான பிரதிநிதி, அவர் இல்லாதபோது கையெழுத்திடும் துணைவர். அமைச்சர்கள் மட்டுமே இருக்கும் ஆணையம் தேர்தலுக்குத் தேர்தல் தூங்கும். பொறியாளர்கள் மட்டுமே இருப்பது எதையும் முடிவு செய்யாது. இரண்டு அடுக்கு வேண்டும். கொடையாளர் பணத்தில் தொடங்கினால் நிலையங்களின் பராமரிப்பை மூன்றாம் ஆண்டிலிருந்தாவது சொந்த வரவு-செலவுத் திட்டத்துக்கு மாற்றக் கெடு வையுங்கள். திட்டம் முடிந்த மறு வருடமே மின்கலம் தீர்ந்து ஊமையாகும் தானியங்கி நிலையங்கள் ஏராளம். சூ, தலாஸ் ஆறுகளில் கிர்கிஸ்தானில் உள்ள அணைகளின் பராமரிப்புச் செலவில் கசகஸ்தான் பங்கு தருகிறது, 2000-இன் ஒப்பந்தப்படி. கீழ்மடை நாடு பணம் தரும் அணையின் மதகு எப்படி இயங்குகிறது என்று கேட்கும் உரிமையும் அதோடு வருகிறது.

பிணக்கு

படிகளை வரிசையாக எழுதுங்கள்: ஆணையம், பிறகு நடுநிலை நிபுணர், பிறகு நடுவர் மன்றம். ஒவ்வொன்றுக்கும் நாள் கணக்கு. 1997 உடன்படிக்கையில் பேச்சுக்குக் கோரிக்கை வைத்து ஆறு மாதத்தில் தீராவிட்டால் ஒரு தரப்பு கேட்டாலே உண்மையறியும் குழு அமையும். மற்றவர் மறுத்து முடக்க முடியாது. அந்த ஒரு ஷரத்தை மட்டுமாவது கடன் வாங்குங்கள். சிந்து ஒப்பந்தத்தில் மூன்று படிகளும் இருந்தன. ஆனால் ஒரு தரப்பு நிபுணரையும் மறுதரப்பு மன்றத்தையும் கேட்க, 2022-இல் உலக வங்கி இரண்டையுமே நியமித்தது. ஒரே பிரச்சினைக்கு ஒரு நேரத்தில் ஒரு வழிதான், எது முதலில் என்பதை இன்னார் தீர்மானிப்பார் என்று எழுதியிருந்தால் இந்த முடிச்சு விழுந்திராது.

கடைசியாக, உறவே முறிந்தாலும் எவை தொடரும் என்பதைத் தனித்தாளில் எழுதுங்கள். இந்தியா 2025 ஏப்ரலில் சிந்து ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. ஆகஸ்டில் பாகிஸ்தானுக்கான தாவி ஆற்று வெள்ள எச்சரிக்கை ஆணையத்தின் வழியே போகாமல் தூதரகத்தின் வழியே போனது. வெள்ளத் தகவலுக்கும் விபத்து எச்சரிக்கைக்கும் இரு நாட்டு நீரியல் துறைகளுக்கு இடையே நேரடி நெறிமுறை ஒன்று, முதன்மை ஒப்பந்தத்தைச் சாராமல், தனிக் கையெழுத்தோடு இருக்கட்டும். அதில் விலகல் ஷரத்து வேண்டாம். மாற்றுத் தொடர்பு எண்களும், மின்னஞ்சல் செத்தால் பயன்படுத்தும் இரண்டாவது வழியும், மழைக்காலத்துக்கு முந்தைய மாதம் இருதரப்பும் எண்களைச் சரிபார்க்கும் தேதியும் போதும்.